கணினியை மூடும் அதிகாரம்

“கந்தோரை விட்டுக் கடைசியாக வெளியேறுபவர் பிரதம இலிகிதராக இருத்தல் வேண்டும். கதவுகள், ஜன்னல்கள், விளக்குகள் மற்றும் கந்தோரிலுள்ள சகல இயந்திரங்களும் முறைப்படி மூடப்பட்டதை அவர் நேரில் உறுதிசெய்து, பிரதான மின் ஆளியைத் தம் கையால் நிறுத்துதல் வேண்டும்.”

எங்கள் நடைமுறைக் கைநூலில் இருந்த விதி இது. இதை நான் மனப்பாடம் செய்யவில்லை. கைநூலின் தமிழ்ப் பிரதியைத் தயாரித்தவனே நான்தான். ‘சகல’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். தட்டச்சுப் பொறி, கணக்குப் பொறி, சுருள் பிரதி எடுக்கும் பொறி எல்லாம் அதில் அடங்கும். இனிமேல் வரப்போவதும் அடங்கும் என்று நினைத்துக்கொண்டேன். வரப்போவது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பனிகளின் கைக்கு மாறிய தொண்ணூறுகளில், அப்படியொரு கம்பனியின் பிராந்தியக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டியோடு பதுளைக்கு வந்தவன், வந்த இடத்திலேயே பதவியும் நரையும் பெற்றேன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து ஹல்துமுல்லை வரை பரந்து கிடந்த தோட்டங்களின் செக்ரோல் எல்லாம் எங்களிடம் வரும். எந்தத் தொழிலாளிக்கு எத்தனை நாட்பேர், அதாவது முழுநாள் வேலை, விழுந்தது, எத்தனை அரைப்பேர் என்று எழுதும் பதிவுதான் செக்ரோல். அதைக் கூட்டிச் சரிபார்த்துச் சம்பளப் பட்டியலாக்கித் தோட்டங்களுக்குத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. தோட்டத்து ஆட்கள் என்னைப் ‘பெரிய கிளாக்கரையா’ என்பார்கள். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து லொறியில் கணினி வந்தது. நடு அறை மூலையில் ஒரு பெரிய பெட்டி. அதிலிருந்து கம்பிகள் ஓடி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கறுப்புத் திரை. திரையில் பச்சை எழுத்து. இந்தக் காலத்துப் படங்களும் சுட்டியும் அதற்குக் கிடையாது. எதைச் செய்யவேண்டுமானாலும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்கவேண்டும். மேசையிலிருந்த எல்லோரும் செக்ரோல் பதியலாம். ஆனால் பெரிய பெட்டியை மூட ஒரு தனிக் கடவுச்சொல் உண்டு. அது ஒருவருக்கு மட்டும்தான். அந்த ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பிப் பயிற்றுவிப்பார்கள் என்று கடிதம் வந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் பயணப் பையை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

முகாமையாளர் தெரிவுசெய்தது தட்டச்சாளரை. “விரல் வேகமானது” என்றார். அவ்வளவுதான் காரணம். கோப்பு முறை, பதிவு முறை, பொறுப்பு ஒப்படைக்கும் முறை ஒன்றும் கணக்கில் வரவில்லை. விரல்.

அந்தத் தட்டச்சாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகள். பதுளையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, மூன்று மொழியிலும் தட்டச்சு செய்வார். அடித்துக்கொண்டே நிமிராமல் பதில் சொல்லுவார். பதில் எப்போதும் கேள்வியைவிடச் சின்னதாகவும் கூராகவும் இருக்கும். பணிவு என்ற சாமானை அவருடைய கைப்பையில் நான் கண்டதில்லை.

பயிற்சி முடிந்து திரும்பிவந்த அன்று மாலையே என் சோதனை தொடங்கியது. விதிப்படி நான் ஜன்னல்களைப் பார்த்து, அலுமாரிகளைப் பூட்டி, விளக்குகளை அணைத்து மூலைக்கு வந்தேன். பெரிய பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

“மிஸ், இதையும் மூடவேணும்” என்றேன்.

“மூடுறேன் ஐயா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கடவுச்சொல் அடிக்கணும்.”

தள்ளி நின்றேன். பிறகு அவர் ஒரு வரி அடித்தார். ஷட்டவுன் என்ற சொல், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடும் h என்ற எழுத்தும், எத்தனை நிமிடத்தில் என்ற எண், கடைசியாக மேற்கோள் குறிகளுக்குள் ஓர் அறிவித்தல். பெட்டி தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது. கடைசியில், இப்போது மின்சாரத்தை நிறுத்தலாம், அல்லது ஏதாவது ஒரு விசையை அழுத்தி மறுபடி தொடங்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

அவர் கதிரையைப் பின்னால் தள்ளிக் கைப்பையை எடுத்தார். “ஐயா, இப்ப நீங்க மூடலாம்.”

நான் சுவரில் இருந்த ஆளியை அழுத்தினேன். பிரதம இலிகிதருக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அதே சடங்கு, அதே வசனம். “ஐயா, இப்ப நீங்க மூடலாம்.” கந்தோரில் கடைசியாக வெளியேறுபவன் நான்தான். ஆனால் எப்போது வெளியேறுவது என்பதை அவர் சொல்லவேண்டும்.

நேரே ஆளியை நிறுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தக் கணினி, எழுதவேண்டியதை உடனே வட்டில் எழுதாது. கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வசதியானபோது எழுதும். எங்கள் இலிகிதர்கள் சிலர் கோப்பை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு ‘மேசையில் இருக்கிறது’ என்று சொல்லுவார்களே, அந்தப் பழக்கம்தான். சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தினால் கையில் இருந்தது போய்விடும். அதைவிட மோசம், பாதி எழுதியது வட்டில் கிடந்து மற்றதையும் குழப்பும். ஆகவே முதலில் எல்லோரையும் எச்சரிக்கவேண்டும், பிறகு காத்திருக்கவேண்டும், கையில் உள்ளதை எழுதவிட வேண்டும், அதன் பிறகே நிறுத்தவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு. என் கைநூலிலேயே இருந்திருக்கவேண்டியது.

என்னை உண்மையில் எரித்தது அந்த எச்சரிக்கைதான்.

பதுளையில் ஐப்பசி மழை பிற்பகலில் இடியோடு வரும். மலையில் கறுக்கத் தொடங்கியதும் தட்டச்சாளர் பெட்டியை மூடிவிடுவார். அதற்கு முன் எச்சரிக்கை வரி போகும். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார். ஒவ்வொரு மேசையிலும் திரை ஒருமுறை கீச்சிடும். செக்ரோலுக்குக் குறுக்கே அவருடைய வரி வந்து விழும்: மழை வருது, மூடுங்க.

கீச்சிட்ட மறுகணம் கந்தோரே அசையும். கணக்கு இலிகிதர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பார். பதிவுக்காரர்கள் பதிந்ததைச் சேமிப்பார்கள். தமிழ் படிக்கத் தெரியாத சிங்கள இலிகிதர்கள்கூட அந்த வரியைக் கண்டால் “மழை வருது” என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு எழும்புவார்கள். சில நாள் வரி மாறும். இடி வரும், அப்புறம் அழாதீங்க. இன்னொரு நாள்: கணக்கு ஐயா, கதை போதும், மூடுங்க. முழுக் கந்தோரும் சிரித்தபடி கீழ்ப்படியும்.

என் சுற்றறிக்கைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலக்கமிட்டு, பொருள் தலைப்பிட்டு, பந்தி பிரித்து, யார் யாருக்குப் பிரதி என்று அடியில் குறித்து மாதந்தோறும் வெளியிட்டேன். தேநீர் இடைவேளை பற்றி, தொலைபேசிப் பாவனை பற்றி, குடை வைக்கும் இடம் பற்றி. எல்லோரும் கையொப்பமிட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. குடை பற்றிய சுற்றறிக்கைக்குக் கையொப்பமிட்ட கணக்கு இலிகிதர் அப்போதே ஈரக் குடையை என் மேசையில் சாய்த்து வைத்தார். நான் நாற்பது வரியில் பெறமுடியாத கீழ்ப்படிதலை அந்த அம்மணி மூன்று சொல்லில், அதுவும் எழுத்துப் பிழையோடு, பெற்றுக்கொண்டிருந்தார்.

வீட்டில் இதை ஒருநாள் விளக்கமாகச் சொன்னேன். மனைவி கறியைக் கிளறியபடி கேட்டார்.

“உங்களுக்கு அந்த மெசினில பொறாமையோ, அந்தப் பிள்ளையில பொறாமையோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ, எனக்குச் சோறு போட வேணும்.”

“பொறாமை இல்லை. இது நடைமுறைப் பிரச்சினை.”

“ஓமோம். நடைமுறைதான் ராவில நித்திரையில பல்லு நெருமுது.”

நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பெட்டியோடு வந்த தடித்த கைநூலை அலுமாரியிலிருந்து எடுத்தேன். அதை வேறு யாரும் தொட்டதற்கு அடையாளம் இல்லை. மதிய வேளைகளில் சாப்பாட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து முழுவதும் படித்தேன். அந்தப் பெட்டியை நிறுத்த எத்தனையோ வழிகள் இருந்தன. h போட்டால் நிறுத்தும், r போட்டால் நிறுத்தி மறுபடி தொடங்கும். நிமிடத்துக்குப் பதில் மணி நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானே நிறுத்திக்கொள்ளும். சொன்னதை இரத்துச் செய்யவும் வழி உண்டு. எச்சரிக்காமல் உடனே நிறுத்தும் முரட்டுக் கட்டளைகளும் இருந்தன. அவற்றைக் கைநூலே முகம் சுளித்துக்கொண்டுதான் சொன்னது. ஒரு மாதத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கடவுச்சொல் மட்டும் தெரியாது. சமையல் புத்தகம் முழுவதும் மனப்பாடம், அடுக்களைச் சாவி மட்டும் அடுத்த வீட்டில்.

ஆனால் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். ‘ஏதாவது ஒரு விசையை அழுத்தி மறுபடி தொடங்கலாம்’ என்று கடைசி வரி சொன்னதே, அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. ஒரு மாலை அவர் வழக்கம்போல “ஐயா, இப்ப நீங்க மூடலாம்” என்று சொல்லிவிட்டுக் கைப்பையோடு எழும்பினார். நான் ஆளிக்குப் போகிற வழியில் ஒரு விசையை அழுத்தினேன். பெட்டி உறுமிக்கொண்டு மறுபடி தொடங்கியது.

“என்னாங்க ஐயா செஞ்சீங்க?”

“ஏதாவது ஒரு விசை எண்டு போட்டிருந்தது. அழுத்தினேன்.”

“எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸுங்க.”

“அப்ப கெதியா மூடும்.”

அவர் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பெட்டி எழும்பியதும் அதை மறுபடி மூடினார். ஆக, அந்தக் கந்தோரில் கணினியைத் தொடக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. ஆனால் மூடப்பட்டதைத்தான் தொடக்கலாம், மூடுவதோ அவர். அன்று பஸ் தவறிப்போய் அவர் வான் வண்டியில் போனார். எனக்கு இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பிறகு முறைப்படி செயற்பட முடிவுசெய்தேன். தலைமைக் கந்தோருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். கைநூல் விதியை மேற்கோள் காட்டி, ‘சகல இயந்திரங்களும்’ என்பதில் கணினியும் அடங்குமென நிறுவி, அதிகாரம் என்பது ஆளுக்குரியதல்ல, பதவிக்குரியது என்று வாதிட்டு, கணினியைப் பாதுகாப்பாக மூடவும் மறுபடி தொடக்கவும் உள்ள அதிகாரத்தைப் பிரதம இலிகிதர் பதவிக்கு மாற்றித் தருமாறு கேட்டேன். என் சேவைக்காலத்தில் நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு சிக்கல் இருந்தது. கந்தோர் முத்திரையோடு போகும் கடிதம் எதுவும் தட்டச்சில்தான் போகவேண்டும். அதை அடிக்கவேண்டியவர் தட்டச்சாளர். அதுவும் என் கைநூலில் இருக்கிறது. நான் விதியை மீறுகிறவன் அல்ல. கையெழுத்துப் பிரதியை அவருடைய தட்டில், எழுத்துக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

அரை மணி நேரத்தில் அடித்துக் கொண்டுவந்து என் முன் வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“ஐயா, மூணாவது பந்தியில ‘பாதுகாப்பாக’ ரெண்டு தடவ வருது. ஒண்ண எடுத்துட்டேன்.”

“சரி.”

“மத்தபடி நல்லா இருக்கு. என்னைய எடுத்துப்போடச் சொல்ற கடுதாசி, நானே அடிச்சதால மோசமா அடிச்சேன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு ரெண்டு கமா கூடப் போட்டிருக்கேன்.”

பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இல்லை. அது இன்னும் எரிச்சலைத் தந்தது.

பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன், அவரே அடித்தார். இன்னொரு நினைவூட்டல். மூன்றாவதைத் தட்டில் வைக்கும்போது நிமிராமலே கேட்டார்: “ஐயா, பழையதையே தேதி மட்டும் மாத்தி அடிச்சிறவா?” கோப்பு தடித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு மாலையும் ஆளியை அழுத்தும்போது அந்தக் கோப்பை நினைத்துக்கொள்வேன். கொழும்பில் யாரோ ஒருவருடைய லாச்சிக்குள் என் உரிமை கிடந்தது.

அப்போதுதான் அந்தத் தீபாவளி வந்தது. தீபாவளிக்கு முன் தோட்டங்களில் முற்பணம் கொடுப்பார்கள். அதற்கான பட்டியல்கள் எங்களிடமிருந்து போகவேண்டும். பட்டியல் போகாவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை. கந்தோர் முழுவதும் பதிந்துகொண்டிருந்தது. முகாமையாளர் கொழும்பில். தட்டச்சாளர் அன்று லீவு. அவருடைய அண்ணன் மகளுக்கு ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் சடங்கு.

போவதற்கு முதல்நாள், பதிவு அவசரத்தால் இரவும் மூடாமல் ஓடிய பெட்டியில், அவர் ஒன்று செய்துவிட்டுப் போயிருந்தார். நேரம் குறித்த கட்டளை. நாலரை மணிக்குப் பெட்டி தானாக நிற்கும், அதற்கு முன் எச்சரிக்கையும் தானாகப் போகும். நான் ஆளியை மட்டும் அழுத்தினால் போதும் என்று காலையில் கணக்கு இலிகிதர் எனக்குச் செய்தி சொன்னார். ஆளே இல்லாமல் கட்டளையிடும் நிலைக்கு வந்துவிட்டார். நான் ஆளாக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மழை நாலரைக்குக் காத்திருக்கவில்லை. மதியம் தாண்டியதும் மலை கறுத்தது. தூரத்தில் இடி. திரைகள் கீச்சிடவில்லை. கீச்சிடாததால் யாரும் எழும்பவுமில்லை. பழக்கத்தின் பலம் அது. இடி தலைக்கு மேல் வந்தாலும் திரையில் வரி வராமல் அவர்கள் மழை என்று நம்பமாட்டார்கள்.

கடவுச்சொல் இல்லாமல் பெட்டியை மூட முடியாது. ஆனால் எச்சரிக்க எனக்குப் பூரண அதிகாரம் இருந்தது. காகிதம் எடுத்தேன். ‘மின்னல் அபாயம்: கணினிப் பதிவுகளைச் சேமித்தல் தொடர்பாக’ என்று பொருள் தலைப்பிட்டு, எல்லோரும் உடனே பதிவைச் சேமித்து நிறுத்தவேண்டும், அதன்பின் பிரதம இலிகிதர் ஆளியை நிறுத்துவார் என்று இரண்டு பந்தி எழுதினேன். அடியில் கையொப்பத்துக்கு நிரல் போட்டேன். பியூனைக் கூப்பிட்டு மேசை மேசையாகக் கொண்டுபோகச் சொன்னேன். சுற்றறிக்கை முறைப்படிதான் போனது. சேவை மூப்பு வரிசையில்.

கணக்கு இலிகிதர் பேனா தேடினார். அடுத்தவர் தேதியும் போடவேண்டுமா என்று பியூனிடம் கேட்டனுப்பினார். போடவேண்டும் என்று சொல்லியனுப்பினேன். சுற்றறிக்கை ஜன்னலோர மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது கட்டிடமே வெளுத்ததுபோல ஒரு மின்னல். விளக்குகள் போயின. கறுப்புத் திரைகள் இன்னும் கறுப்பாயின. இப்படியான வேளைக்கென்று மின்கலம் வைத்த ஒரு பெட்டியும் இருந்தது. அதன் மின்கலம் செத்திருந்தது. புதியது வாங்க மூன்று விலைமனு வேண்டும், இரண்டுதான் வந்திருந்தன.

மின்சாரம் திரும்பியதும் பெட்டி எழும்பியது, பாதியில் நின்றது. வட்டு முறைப்படி மூடப்படவில்லை, பராமரிப்புக்குக் கடவுச்சொல்லைத் தரவும், இல்லையேல் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி இப்படியே தொடரவும் என்றது. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அந்த இரண்டு விசைகளும் எனக்கு முன்னாலேயே இருந்தன. அழுத்தியிருந்தால் கந்தோர் மறுபடி ஓடியிருக்கும். ஆனால் குழம்பிய வட்டின் மேல் எழுத எழுதக் குழப்பம் பெருகும் என்று கைநூல் சொல்லியிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தோட்டத்துக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து, லயத்திலிருந்து அவரைக் கூப்பிடச் சொன்னேன். நெடுநேரம் கழித்து, பின்னணியில் ஒலிபெருக்கிப் பாட்டோடு குரல் வந்தது.

“ஐயாவா? யாரு செத்துட்டாங்க?”

“மெசின்.”

“கரண்டு போச்சா? என்ன கேக்குது?”

“கடவுச்சொல். சொல்லும், எழுதுறன்.”

யாரையோ பாட்டைக் குறைக்கச் சொன்னார்.

“சொல்ல முடியாதுங்களே ஐயா.”

“ஏன்?”

“சுற்றறிக்கை இருக்கு. கந்தோர் இரகசியம் எதையும் டெலிபோன்ல சொல்லக்கூடாதுன்னு. ரெண்டாவது பந்தி.”

“அது ஆர் விட்ட சுற்றறிக்கை?” என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

“நீங்கதான். போன பங்குனியில. நான்தானே அடிச்சேன். குடை வைக்கிறதப் பத்திக்கூட இருக்கு, ஆறாவது பந்தி வரைக்கும் சொல்லவா?”

இத்தனை வருடமாக என் சுற்றறிக்கைகளுக்கு ஒரே ஒரு வாசகர் இருந்திருக்கிறார். ஒவ்வொரு வரியையும் படித்து, நினைவில் வைத்து, கடைப்பிடித்தும் இருக்கிறார். அது இவராக இருக்கவேண்டுமா?

“அப்ப நீர் வரவேணும், பிள்ளை” என்றேன்.

“ஜீப் அனுப்புங்க. இன்னும் பந்தியே முடியல. உங்களுக்கும் ஒரு பார்சல் கட்டச் சொல்றேன்.”

பட்டுப்புடவையும் தலையில் மல்லிகையுமாக வந்து இறங்கினார். சாப்பாட்டுப் பார்சலை என் மேசையில் வைத்தார். கதிரையில் உட்கார்ந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடவுச்சொல் அடிக்கும்போது பார்க்கக்கூடாது. விரல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

“ஐயா, இங்க வாங்க. இது என்னென்னமோ கேக்குது. கொழும்புல மூடத்தான் சொல்லிக்குடுத்தாங்க, விழுந்தத தூக்க சொல்லிக்குடுக்கல.”

திரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அத்தியாயம். வட்டைச் சோதிக்கும் கட்டளை ஒவ்வொரு குழப்பமாகக் காட்டி, சரிசெய்யவா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“ஓம் எண்டு அடியும்.”

“இதுக்கு?”

“ஓம்.”

“இதுக்கும் ஓமா? இது எங்கயுமே சேராத ஃபைலுங்குது. வேணாம்னு தள்ளிறவா? நேரமாச்சு.”

“பொறும். வேண்டாம் எண்டால் அடுத்ததா அழிக்கவா எண்டு கேக்கும். திருப்பிச் சேர்க்கவா எண்டுதான் இப்ப கேக்குது. ஓம் எண்டால் அநாதைக் கோப்பைத் தனியா ஓர் இடத்தில போட்டு வைக்கும். பிறகு பாக்கலாம்.”

“ஓம்” என்று என் உச்சரிப்பிலேயே சொல்லி அடித்தார். கடைசியில் r என்ற எழுத்தோடு மறுபடி தொடக்கும் கட்டளையை அடித்தார். அதற்குக்கூட ஓர் எச்சரிக்கை வரி போட்டார், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்றபோதும். பெட்டி நல்லபடி எழும்பியது. அநாதைக் கோப்புகள் கிடந்த இடத்தில் தேடியபோது ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றின் முற்பணப் பட்டியல் முழுதாக இருந்தது. வேண்டாம் என்றிருந்தால் போயிருக்கும். இருட்டுவதற்கு முன் எல்லாப் பட்டியலும் அச்சாகிவிட்டன. அவர் வழக்கம்போல் பெட்டியை மூடினார்.

“ஐயா, இப்ப நீங்க மூடலாம்.”

மூடினேன். பார்சலில் வடையும் பாயசமும் இருந்தன. பாயசம் நன்றாகவே இருந்தது.

மறுநாள் முகாமையாளர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அவருக்கு நன்றி சொன்னார். தட்டச்சாளர் குரலைத் தாழ்த்தாமல் என் பக்கம் பார்த்தபடியே சொன்னது எனக்குக் கேட்டது: “ஐயாவும் பக்கத்துல நின்னாங்க, சார்.” நின்றேன். அதில் பொய்யில்லை. அன்று பிற்பகலே நாலாவது நினைவூட்டலை எழுதி அவருடைய தட்டில் வைத்தேன்.

அதற்கும் பதில் வரவில்லை. புதிய நூற்றாண்டு வந்தது, மின்வெட்டுகள் வந்தன, மூன்றாவது விலைமனுகூட வந்தது. பெரிய பெட்டி கிழண்டு இரைச்சல் கூடினாலும் செக்ரோலை விடவில்லை. எனக்கு ஓய்வுபெறும் வயது வந்தது. இடையில் தட்டச்சாளர் ஒவ்வொரு பரீட்சையாக எழுதி இலிகிதராகியிருந்தார். என் இடத்துக்கு யார் என்று விதப்புரை எழுதவேண்டியவன் நான். அவரைத் தவிர்க்க விதியில் இடம் இருக்கவில்லை. தேடிப் பார்த்தேன். விதப்புரையை அவரே அடித்தார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் பதுளையிலேயே இருந்துவிட்டேன். நாலரை மணியானால் வீட்டு ஆளிகளை ஒருமுறை சுற்றிப் பார்ப்பேன்.

ஒரு ஜனவரி பதினாறாந் தேதி, தைப்பொங்கல் லீவு முடிந்து கந்தோர் திறந்த அன்று காலை, பியூன் ஒரு நீண்ட உறை கொண்டுவந்தார். உள்ளே தலைமைக் கந்தோரின் பதில். என் முதல் விண்ணப்பத்தின் இலக்கத்தையும் நாலு நினைவூட்டல்களின் இலக்கங்களையும் குறிப்பிட்டு, என் வாதத்தைப் பந்தி பந்தியாக ஏற்றிருந்தார்கள். அதிகாரம் ஆளுக்குரியதல்ல, பதவிக்குரியது என்ற கருத்து மிகச் சரியானது என்றும், கணினியைப் பாதுகாப்பாக மூடவும் மறுபடி தொடக்கவும் உள்ள அதிகாரம் இன்றுமுதல் அப்பிராந்தியக் கந்தோரின் பிரதம இலிகிதர் பதவிக்கு நிரந்தரமாக வழங்கப்படுகிறது என்றும் இருந்தது.

அதாவது அவருக்கு. முன்பு அவரிடம் இருந்தது வெறும் கடவுச்சொல். என் வாதத்தால் அது உரிமையாகிவிட்டது.

மேலே ஒரு மேற்கடிதம் இணைத்திருந்தார். நிரல், பந்தி, இலக்கம் எல்லாம் என் முறைப்படி. தகவலுக்காக அனுப்பப்படுகிறது என்றும், விண்ணப்பித்தவரின் எழுத்துமூல இணக்கமின்றிக் கோப்பை மூடுவதற்குக் கைநூலில் இடமில்லை என்பதால், ஐயா சம்மதித்தால் இந்தக் கோப்பை மூடிவிடலாம் என்றும் எழுதி, ‘பிரதம இலிகிதர்’ என்று கையொப்பமிட்டிருந்தார்.

கையெழுத்து அழகாக இருந்தது. கமா ஒன்றும் தவறவில்லை. உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், சம்மதம் மட்டும் இன்றுவரை எழுதவில்லை. அந்தக் கந்தோரில் நான் மூடாமல் மூடப்படாதது என்று ஒன்றாவது இருக்கட்டும்.